ஏரோட்ராம் வேலிக்குக் கிழக்கு

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு கிரயப் பத்திரம் இருக்கிறது. 1958-ல் தாத்தா வாங்கிய ஒன்றரை ஏக்கர் புஞ்சைக்கானது. முத்திரைத்தாள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, அப்பா பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருக்கிறார். அந்த டேப்பும் பழுத்து மஞ்சளாகிவிட்டது. நிலத்தின் நான்கு எல்லைகளை, அதாவது நான்குமால் சொல்லும் இடத்தில் பத்திர எழுத்தர் சாய்வான கையெழுத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "ஏரோட்ராம் கம்பி வேலிக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு."

மற்ற இரண்டு பக்கமும் பங்காளிகள் பெயர். அவர்கள் யாரும் இன்று இல்லை. வண்டிப்பாதை தார் ரோடாகிவிட்டது. அந்தப் பத்திரத்தில் சொன்னபடி சொன்ன இடத்தில் இன்னும் நிற்பது வேலி ஒன்றுதான். கம்பி போய் மதில் வந்தது, மதிலின் மேல் முள்கம்பிச் சுருள் வந்தது. ஆனால் வேலி வேலிதான்.

அவனியாபுரம், பெருங்குடி, வலையங்குளம் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் 'விமான நிலையம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஏர்போர்ட் என்பதுகூடப் பிள்ளைகள் சொல்வது. அவர்களுக்கு அது ஏரோட்ராம். "ஏரோட்ராம் பக்கம் மழை", "ஏரோட்ராம்காரன் வேலி ஓரத்துல மாடு மேய்க்க விடமாட்டேங்கிறான்" என்றுதான் பேச்சு வரும். அந்தச் சொல் 1942-ல் இங்கே வந்தது. அந்த வருஷம்தான் மதுரைக்குத் தெற்கே உள்ள இந்தத் தட்டை நிலத்தைப் பிரிட்டிஷ் விமானப்படையான ராயல் ஏர்போர்ஸ் தன் தளமாக எடுத்துக்கொண்டது.

இந்தச் சரித்திரத்தை முதலில் எனக்குச் சொன்னது அப்பத்தா. அதுக்குப் பதினைந்து வயசு இருக்கும்போது அங்கே சரளை சுமந்திருக்கிறது.

மதுரைக்கும் யுத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று சிறு வயதில் எனக்குப் புரிந்ததில்லை. ஐரோப்பாவில் நடந்த சண்டை என்றுதான் பள்ளிப் புத்தகம் சொன்னது. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன் போனது. மார்ச் 23-ல் அந்தமானில் ஜப்பான் படை இறங்கியது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில், நகுமோ என்ற தளபதியின் விமானம்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை; அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்ம்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானம்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. அந்த ஏப்ரலில்தான் மெட்ராஸே காலியானது. சர்க்கார் அலுவலகங்கள் ஊட்டிக்கும் மதனபள்ளிக்கும் கோவைக்கும் மூட்டை கட்டின. 'எவாக்குவேஷன்' என்ற இங்கிலீஷ் சொல் படிக்காத வீடுகளிலும் புழங்கியது அப்போதுதான்.

இப்போது ஒரு தேசப்படத்தை எடுத்து மதுரை மீது விரலை வையுங்கள். மெட்ராஸ் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்க சுமார் 350 கிலோமீட்டர்தான். ஆகாயத்தில் போகிறவனுக்கு மெட்ராஸைவிடக் கொழும்பு பக்கம். வங்கக்கடல் திறந்துகிடக்கிறது, இலங்கை முன்னரணாகிவிட்டது. அந்த முன்னரணுக்குப் பின்னால் தரையில் விமானம் இறங்க இடம் வேண்டும். தென்தமிழகத்தில் இத்தனை ஓடுபாதைகள் முளைத்ததன் காரணம் இதுதான் என்பது என் முடிவு. ராமநாதபுரம் உச்சிப்புளி, செட்டிநாடு, கயத்தாறு, தஞ்சாவூர், உளுந்தூர்பேட்டை, சோழவரம், சூலூர் எல்லாம் அந்தச் சில வருஷங்களின் பிள்ளைகள்.

அவற்றுக்கு ஆளுக்கொரு தலையெழுத்து. சோழவரம் கார் பந்தய மைதானமாகிப் பல வருஷம் ஓடியது. சூலூரும் தஞ்சாவூரும் இந்திய விமானப்படைக்குப் போயின. தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய் படைப்பிரிவு இருக்கிறது. உச்சிப்புளி கடற்படையிடம் போய் 2009 முதல் ஐ.என்.எஸ். பருந்து. கயத்தாறிலும் செட்டிநாட்டிலும் காற்று மட்டும் வந்து போகிறது. மதுரைக்குக் கோயில் இருந்தது, மில் இருந்தது, வியாபாரம் இருந்தது, மெட்ராஸுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் ஊர் இருந்தது. அதனால் பட்டாளத்தான் போன பிறகு இங்கே பயணி வந்தான்.

அப்பத்தா கதைக்கு வருகிறேன்.

அப்பத்தாவின் அண்ணன், நாங்கள் 'கொழும்புத் தாத்தா' என்று பெயர் மட்டும் கேட்டு வளர்ந்தவர், கொழும்பு புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆளுக்குக் கொழும்பு என்பது வெளிநாடு இல்லை. ராத்திரி ரயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில். குண்டு விழுந்த மறுவாரம் அவர் ஒரு தகரப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார். "அண்ணன் ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரும்" என்று அப்பத்தா சொல்லும். ஊரில் அவருக்கு வேலை இல்லை. மழையும் இல்லை. அந்த நேரத்தில்தான் ஏரோட்ராம் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்திருக்கிறது. கொழும்பில் விழுந்த குண்டுக்குப் பயந்து வந்தவர், அந்தக் குண்டு காரணமாகவே போடப்பட்ட ஓடுபாதையில் தங்கச்சியோடு கல் சுமந்தார். இதை அப்பத்தா ஒரு அதிசயமாகச் சொன்னதே இல்லை. எனக்குத்தான் அதைக் கடக்க முடியவில்லை.

யுத்தகாலத்தில் இந்தியப் பாதுகாப்பு விதிகள் என்று ஒன்று இருந்தது. அதன்படி சர்க்கார் வேண்டும் என்றால் நிலம் கொடுக்க வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் கம்பும் சோளமும் போட்ட புஞ்சைகள் அப்படிப் போயின என்று அப்பத்தா சொல்லும். வரப்பை வெட்டி நிரவினார்கள். பனை மரத்தை வேரோடு சாய்த்தார்கள். பிறகு கல். "பெருங்கல்ல கீழ அடுக்கணும், அதுக்கு மேல சின்னக்கல்லு, அதுக்கு மேல சரளை. அதுக்கு மேல உருளை இழுப்பாக" என்று வரிசை பிசகாமல் சொல்லும். ஒரு ஓடுபாதையின் குறுக்குவெட்டை இதைவிடச் சுருக்கமாக எந்த இன்ஜினியரும் எனக்குச் சொன்னதில்லை.

கூலியைப் பற்றிச் சொல்லும்போது அதன் குரலே மாறும். காட்டு வேலைக்குத் தானியம்தான் கூலி. மரக்காலில் அளந்து போடுவார்கள், அதிலும் கை சுருங்கும். ஏரோட்ராமில் சாயங்காலம் காசு. "கையில காசு விழுந்துச்சுய்யா. அதுவரைக்கும் பொட்டப்பிள்ள கையில காசப் பாத்ததில்ல." அந்தக் காசில்தான் அது தனக்கென்று முதல் சேலை எடுத்தது. நிலம் பறிபோன வீட்டுக்காரனுக்கும் அந்தக் கூலிதான் கஞ்சி ஊற்றியது என்பதையும் அதே மூச்சில் சொல்லும். இரண்டையும் சேர்த்துத்தான் அதற்கு ஏரோட்ராம். நானும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அதன் உச்சந்தலையில் ஓர் இடம் உண்டு. பழைய அஞ்சு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. மயிர் முளைக்காமல் வழவழவென்று இருக்கும். சும்மாடு உட்கார்ந்த இடம். எண்ணெய் தேய்த்துவிடும்போது என் விரல் அங்கே வந்து நிற்கும். "அது ஏரோட்ராம்டா" என்று சிரிக்கும். பிற்காலத்தில் அது எத்தனையோ கட்டட வேலைக்குப் போய்ச் சுமந்திருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்குப் பெயர் அதுதான்.

யுத்தம் முடிந்ததும் கொழும்புத் தாத்தா திரும்பக் கப்பல் ஏறினார். அதன் பிறகு ஊர் வரவில்லை. கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனதும், அந்த வழியும் போனது.

இங்கே வேலிக்குள் 1950-களில் பயணிகள் விமானம் வந்து போகத் தொடங்கியது. 1953-ல் அரசாங்கம் தனியார் கம்பெனிகளை எல்லாம் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியிருந்தது. அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் நாளுக்கு ஒன்றோ இரண்டோதான். விசிறி சுற்றும் ஆவ்ரோ விமானத்தின் சத்தம் கண்மாய்க்கரை வரை கேட்கும், அதை வைத்து வீட்டில் உலை வைப்பார்கள் என்று அப்பா சொல்வார்.

அந்த ஆவ்ரோ ஒன்று 1971 டிசம்பர் 9 அன்று வரவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த விமானம், இறங்குவதற்காகத் தாழும்போது சின்னமனூர்ப் பக்கத்து மலையில் மோதியது. பகல் நேரம்தான். ஆனால் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாத வானிலை. ஊழியர் 4 பேரும் பயணிகள் 17 பேரும் இறந்தார்கள். 10 பேர் பிழைத்தார்கள். வங்கதேச யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை; நாட்டின் கவனம் எங்கோ இருந்தது. மேகமலைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். மதுரை நிலம் தட்டை, ஆனால் மேற்கே பார்த்தால் மலை சுவர் கட்டி நிற்கிறது. அதைத் தாண்டித்தான் கேரளத்திலிருந்து வர வேண்டும்.

ஓடுபாதையின் திசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. மதுரை ஓடுபாதைக்கு 09, 27 என்று இரண்டு பெயர். ஒரு முனையில் 09, மறுமுனையில் 27 என்று வெள்ளையில் எழுதியிருப்பார்கள். திசைகாட்டியின் பாகைக் கணக்கில் கடைசிச் சுழியை எடுத்துவிட்ட எண் அது. 90 பாகை கிழக்கு, 270 பாகை மேற்கு. விமானம் பெரும்பாலும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் ஏறும், இறங்கும். ஆடியில் மேகாற்று அடிக்கும்போது விமானங்கள் மேற்கே பார்த்து எழும்பும். ஐப்பசி தாண்டி வாடை திரும்பினால் கிழக்கே பார்த்து எழும்பும். எங்கள் புஞ்சையில் நின்றால் காலண்டரே வேண்டாம். விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு தலைக்கு மேல் ஏறுகிறதா, சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்குகிறதா என்பதை வைத்து, காற்று திரும்பிவிட்டது, விதைக்குத் தயாராகலாம் என்று அப்பா சொல்வார். 1942-ல் அந்தக் கோட்டைக் கிழக்கு மேற்காகக் கிழித்தவர்களுக்கு எங்கள் காற்று தெரிந்திருக்கிறது.

2010 செப்டம்பரில் புதிய முனையக் கட்டடம் திறந்தார்கள். கண்ணாடியும் உருக்குமாகப் பெரிய கட்டடம். அந்த மாதமே சென்னைக்குப் போகிற அத்தையை வழியனுப்ப ஒரு வேனில் எல்லோரும் போனோம், அப்பத்தாவும். அதற்கு எண்பத்து மூன்று வயசு. வாசலில் இறங்கி நின்று கட்டடத்தைப் பார்க்கவே இல்லை. கிரானைட் தரையைச் செருப்பைக் கழற்றிக் காலால் தடவிப் பார்த்தது. "ஓட்டம் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டது. ஓடுபாதைக்கு அதன் சொல் ஓட்டம். கட்டடத்துக்கு அந்தப் பக்கம், டிக்கெட் இல்லாமல் பார்க்க முடியாது என்றேன். அதன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

அதனால் வேனைத் திருப்பி எங்கள் புஞ்சைப் பக்கம் போனோம். மதிலில் ஓரிடத்தில் மண் மேடு உண்டு. அதில் ஏறினால் உள்ளே கொஞ்சம் தெரியும். அப்பாவும் நானும் இரண்டு கையையும் பிடித்து மேட்டில் ஏற்றினோம். புல் தரை, அதற்கு அப்பால் கறுப்பாக ஒரு கோடு, வெயிலில் நீர் போல அசைந்தது. அப்போது சென்னை விமானம் வந்து இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டதும் கிளம்பிய புகையைப் பார்த்து அப்பத்தா என் கையை இறுக்கியது. விமானம் ஓடி முடிந்து திரும்பும்வரை பேசவில்லை. பிறகு, "அடிக்கல்லு அசையல பாத்தியா" என்றது.

மறுவருஷம் ஐப்பசியில் அப்பத்தா போய்ச் சேர்ந்தது. சித்தப்பா மகன் துபாயில் இருந்தான். மதுரைக்கு வெளிநாட்டு விமானம் கிடையாது. கிடைத்த டிக்கெட்டில் திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து, மழையில் ஆரல்வாய்மொழி தாண்டி அவன் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் எல்லாம் முடிந்திருந்தது. வீட்டு வாசலில் உட்கார்ந்து அவன் அழுதபோது மேலே ஒரு விமானம் இறங்கியது. 7,500 அடி ஓட்டம் வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. அதற்குக் கல் சுமந்தவளின் பேரனால் அதில் வந்து இறங்க முடியவில்லை. சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் வீடுகளில் இந்த மாதிரி ஒரு சாவோ கல்யாணமோ இல்லாத வீடு குறைவு. திருச்சி, சென்னை, திருவனந்தபுரம் என்று எத்தனை வேன் ஓடியிருக்கும்! இன்றும் இந்தக் குறை முழுக்கத் தீரவில்லை. வெளிநாட்டுக் கம்பெனி எந்தெந்த ஊருக்கு வரலாம் என்பதை இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது. பல நாடுகளுடனான ஒப்பந்தப் பட்டியலில் மதுரையின் பெயர் இல்லை. பெயர் சேர்ப்பதற்கு ஓடுபாதையை நீட்ட வேண்டியதில்லை, கையெழுத்துப் போட்டால் போதும். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் பக்கத்து வியாபாரிகளுக்கு வாய் வலித்துவிட்டது.

முதல் வெளிநாட்டு விமானம் 2012 செப்டம்பர் 20 அன்று கிளம்பியது. ஸ்பைஸ்ஜெட். எங்கே போனது தெரியுமா? கொழும்புக்கு.

செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு அப்பா ரொம்ப நேரம் பேப்பரை மடிக்கவில்லை. கொழும்பில் குண்டு விழுந்து எழுபது வருஷம் ஆகியிருந்தது.

ஓடுபாதையை 12,500 அடிக்கு நீட்டப் போகிறார்கள். அதற்காக 630 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் வேலை பல வருஷமாக நடக்கிறது. அயன்பாப்பாகுடி, குசவன்குண்டு, சின்ன உடைப்பு என்று பத்திரங்களில் மட்டும் இருந்த பெயர்கள் பேப்பரில் வருகின்றன. 2024 நவம்பரில் சின்ன உடைப்பு ஜனங்கள், மாற்று இடம் கொடுக்காமல் வீட்டை விட்டு வரமாட்டோம் என்று பந்தலில் உட்கார்ந்தார்கள். நான் ஓடுபாதை நீள வேண்டும் என்று நினைக்கிறவன். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெரிய விமானம் நேரே இங்கே இறங்க வேண்டும். ஆனால் அந்தப் பந்தலில் இருந்தவர்கள் கேட்டது நியாயம். 1942-ல் யுத்தம் என்ற ஒரு காரணம் இருந்தது, கேட்க நாதியில்லை. இன்று யுத்தம் இல்லை. வீட்டுக்கு வீடு, மரத்துக்கு மரம் கணக்குப் பார்த்து, குடியிருக்க இடம் காட்டிவிட்டுப் பிறகு கல்லை அடுக்கலாம். இன்னொன்றும் கேட்கிறேன். முனையத்துக்குள் ஒரு சுவரில் 1942 என்று போட்டு, அன்றைக்கும் இன்றைக்கும் நிலம் கொடுத்த கிராமங்களின் பெயரை எழுதி வைக்கட்டும்.

2014-ல் நானும் கொழும்பு போனேன். கொழும்புத் தாத்தாவின் பேரன் ஒருவரைப் பேஸ்புக் வழியாகத் தேடிப் பிடித்திருந்தேன். வாடைக்காலம். விமானம் கிழக்கே பார்த்து எழும்பியது. ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கியிருந்தேன். மதில் ஒரு கோடாக ஓடி, எங்கள் புஞ்சையின் வேப்பமரம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. டீ கொடுத்து முடிக்கும் முன் பாம்பன் வந்துவிட்டது.

அவர் என்னை மாமன் வீட்டுப் பிள்ளை போலக் கவனித்துக்கொண்டார். இரண்டாம் நாள் சாயங்காலம் எங்கேயாவது போகலாம் என்றபோது, ரேஸ்கோர்ஸ் போகலாம் என்றேன். குதிரைப் பந்தய மைதானம். 1942-ல் பிரிட்டிஷார் குதிரைகளை அப்புறப்படுத்திவிட்டு அதை அவசர விமானத் தளமாக்கினார்கள். அங்கிருந்து எழும்பிய விமானங்களை ஈஸ்டர் ஞாயிறன்று வந்த ஜப்பான் விமானிகள் எதிர்பார்க்கவில்லை. இப்போது அதன் பழைய மாடக் கட்டடத்தில் கடைகள், எதிரே புல்தரை, பையன்கள் ரக்பி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் புல்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் தாத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னை இங்கே கூட்டி வருவாராம். குதிரை பார்க்க என்று நினைத்துக்கொண்டு வருவாராம் இவர். ஆனால் அங்கே அப்போது குதிரைப் பந்தயம் நின்றுபோயிருந்தது. தாத்தா கையை நீட்டி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை காட்டி, "இது என்ன தூரம், ஊர்ல என் தங்கச்சி கல்லு சுமந்தது இதைவிட நீளம்" என்பாராம்.

"தங்கச்சி பேர் மட்டும் ஞாபகம் இல்லை" என்றார்.

ராக்கு என்றேன்.